நுழையாமலே நுழைந்தவர்கள்

பிஸ்கட் வந்த தகர டப்பா அது. "எல்லாத் துண்டும் இதுக்குள்ளதான் கிடக்கு தம்பி" என்று இலங்கையிலிருந்து அகதியாக வந்த ஓர் அம்மா அதைத் தரையில் வைத்துத் திறந்தார். மடிப்புகளில் கிழிந்து செல்லோ டேப் ஒட்டிய முகாம் பதிவு அட்டை, மன்னாரில் வாங்கிய தன்னுடைய பிறப்புச் சான்றிதழின் நகல், மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், நாலைந்து ஆதார் அட்டைகள். மகள் பிறந்தது 1999-ல், தென் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில். மருமகன் பக்கத்து ஊர்க்காரர், பெயின்டர், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள இந்தியக் குடிமகன். பேரனுக்கு மூன்று வயது.

பேரன் எந்த நாட்டுக்காரன் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "அப்பன் இந்தியன், பிள்ளை வேற என்னவா இருக்கும்?" என்றார் மருமகன், பையனின் ஆதாரைக் காட்டி. ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இதை நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58 ஆயிரம் இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வசிக்கும் 'வெளிப்பதிவு'க்காரர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். முதல் படகுகள் வந்த 1983-லிருந்து கணக்கிட்டால் மூன்றாம் தலைமுறை பள்ளிக்கூடம் போகிறது. அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. ஆகவே இவர்களின் கதி முழுவதும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கையில். அந்தச் சட்டம் ஆளைவிடத் தேதியைத்தான் பார்க்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்தாலும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்கா இந்தியராகவும் தம்பி எந்த நாட்டையும் சேராதவராகவும் இருப்பது இப்படித்தான்.

அந்த அக்காவும் சும்மா இந்தியர் ஆகிவிடவில்லை. 1987-க்கு முன் பிறந்தவருக்கான இதே விதி திபெத்திய அகதிகளின் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது 2022 ஆகஸ்டில். அவர் முதன்முதலாக வாக்களித்தது 2024-ல். சட்டப் புத்தகத்தில் அவர் பிறந்த நாளிலிருந்தே குடிமகள்தான். அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் பல ஆண்டுகள் முகாமின் மாதாந்திர 'செக்கிங்'குக்கு வரிசையில் நின்றிருக்கிறார். என் வாதமே இதுதான். இந்த மக்களுக்கு அரிசியும் வீடும் கிடைத்த அளவுக்குச் சட்டம் கிடைக்கவில்லை.

கலப்பு மணத் தம்பதிகளின் விஷயத்தில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. முகாம் பெண்ணை உள்ளூர்ப் பையன் கட்டுவதும், உள்ளூர்ப் பெண் முகாமுக்கு மருமகளாக வருவதும் இன்று சாதாரணம். இந்தியரை மணந்தவர் இங்கே ஏழாண்டு வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. ஆனால் சட்டவிரோதக் குடியேறிக்கு அந்தக் கதவும் இல்லை. பிள்ளைக்கு இல்லை, மனைவிக்கும் இல்லை. தாலி கட்டியதால் சட்டத்தில் எதுவுமே மாறவில்லை.

இங்கேதான் வழக்கறிஞர் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறது. செல்லத்தக்க கடவுச்சீட்டோ ஆவணங்களோ இல்லாமல் இந்தியாவுக்குள் 'நுழைந்த' அயல்நாட்டவரும், முறையாக நுழைந்து அனுமதிக் காலம் தாண்டித் தங்கியவரும்தான் சட்டவிரோதக் குடியேறி என்கிறது சட்டம். சரி, அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் பிறந்த பெண் எந்தக் கடலைத் தாண்டி நுழைந்தார்? படகில் வந்தது அவருடைய அம்மா. அம்மாவின் படகுப் பயணத்தை மகளின் தலையில் எழுதி, அதை அப்படியே பேரன் தலைக்கும் இறக்குவது சட்டத்தின் வாசகத்தில் இல்லை, அலுவலக வழக்கத்தில்தான் இருக்கிறது. நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கும் என்பது வேறு. வாதம் வலுவானது, யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

தில்லி செய்திருப்பது அரைக் கிணறு. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா நிபந்தனைகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். சிறைப் பயம் நீங்கியது நல்லதுதான். ஆனால் இருக்கலாம் என்பது வேறு, இந்நாட்டவர் என்பது வேறு. தங்கியிருப்பதே குற்றமில்லை என்று அரசே அறிவித்த ஒருவரைக் குடியுரிமைக்கு மட்டும் சட்டவிரோதி என்று எப்படி அழைப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதும் தில்லிதான்.

மாநில அரசைக் குறை சொல்ல அதிகம் இல்லை. 2021-ல் 317 கோடி ரூபாய்த் திட்டம், புது வீடுகள், 'மறுவாழ்வு முகாம்' என்ற பெயர் மாற்றம் எல்லாம் நடந்தன. சார்பதிவாளர்கள் விசா எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த திருமணங்களை 2025-ல் சிறப்பு முகாம் நடத்திப் பதிந்துகொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் பிள்ளையின் குடியுரிமைக்கு எந்த நாட்டின் படியேறினாலும் முதலில் கேட்பது திருமணச் சான்றைத்தான்.

அடுத்ததாக மாநில அரசு செய்யக்கூடியதற்குத் தில்லியின் தயவு தேவையில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவசச் சட்ட உதவிக்குப் பெண்ணாகவோ குழந்தையாகவோ இருந்தால் போதும், குடியுரிமைத் தகுதி கேட்கவில்லை. மாவட்ட ஆணையத்தின் வழக்கறிஞர் மாதம் இருமுறை முகாமுக்கு வந்து டப்பாக்களைத் திறந்து பார்க்கட்டும். இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர் வழியினரிடம் 'தாத்தா எந்தத் தோட்டம்?' என்று கேட்கட்டும். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியக் குடியுரிமைக்கு மனுப்போட்ட குடும்பங்களும் முகாம்களில் இருக்கின்றன. அந்தப் பழைய காகிதம் எந்த டப்பாவின் அடியில் கிடக்கிறதோ.

அந்த அம்மாவின் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பேரனை இலங்கைக் குடிமகனாகப் பதியலாம். தாய்வழியிலும் குடியுரிமை தர 2003-லிருந்து இலங்கைச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிறந்து ஓராண்டுக்குள் சென்னைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும், தாண்டினால் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு முதலில் மகளையே பதிய வேண்டும், அவரையும் இதுவரை யாரும் பதியவில்லை. பதியாவிட்டால் பையன் இரண்டு நாட்டுக்கும் இல்லாதவனாகும் ஆபத்து உண்டு. பதிந்துவிட்டால்? திருச்சியில் 1993-ல் பிறந்த வேறொரு பெண்ணின் வழக்கில் 2022 அக்டோபரில் மதுரைக் கிளை, அவர் ஒருபோதும் இலங்கைக் குடிமகளாக இருந்ததில்லை, இந்தியக் குடியுரிமையை மறுத்தால் நாடற்றவராவார் என்பதையும் கருதித்தான் அவருடைய விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொன்னது. துணைத் தூதரகத்தில் ஒரு கையெழுத்து போட்ட பிறகு அந்த வாதம் இந்தப் பையனுக்கு மிஞ்சுமா?

"பதியிறதா, விடுறதா? நீங்களே சொல்லுங்கோ தம்பி" என்றார் அந்த அம்மா. வருவாய் ஆய்வாளரைக் கேட்டாராம், தாலுகா அலுவலகத்தில் கேட்கச் சொன்னாராம். தாலுகா அலுவலகத்தில் கலெக்டர் அலுவலகத்தைக் காட்டினார்களாம். ஒரு நல்ல வழக்கறிஞரைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள் என்று மட்டும் சொன்னேன். மருமகன் அன்று வேலைக்குப் போகவில்லை, கூலி போயிற்று. நான் எழுந்தபோது அவர் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, ஆதாரை மேலே வைத்து, டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.