வரைபடம் மட்டும் போதுமா?

நான் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். என்னவாக வரப் போகிறாய் என்று கேட்ட சாச்சியிடம், "மெனேஜர்" என்றேன். "அதுக்கு கொமர்ஸ் படிச்சிருக்கலாமே மகள்!" என்றார்.

எமது வகுப்பிலும் பலரின் எண்ணம் இதுதான். கட்டடம் என்றால் கட்டடக்கலைஞர், ஆராய்ச்சி என்றால் விஞ்ஞானி. முகாமையாளர் என்பவர் வங்கியில் கண்ணாடி அறைக்குள் இருப்பவர்.

கடந்த வருடம் விஞ்ஞானக் கண்காட்சிக்காக எமது குழு நீர் வடிகட்டி ஒன்றைத் திட்டமிட்டது. வரைபடம் அழகாக இருந்தது, கணக்கிலும் பிழையில்லை. ஆனால் காசு சேர்ப்பது யார், குழாய் வாங்குவது யார், எதை எப்போது முடிப்பது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கண்காட்சியன்று எமது மேசையில் இருந்தது வரைபடம் மட்டுமே. முகாமைத்துவத்தின் பெறுமதி அன்றுதான் எனக்கு விளங்கியது.

பக்தாதில் பிறந்த ஸஹா ஹதீத், பெய்ரூத்தில் கணிதமும் பின்னர் லண்டனில் கட்டடக்கலையும் கற்றவர். அவரது ஆரம்பகாலத் திட்டங்கள் பல காகிதத்திலேயே நின்றுவிட்டன. 2004 இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் பெண்ணும் அவரே. 2016 இல் அவர் வபாத்தானபோது அவரது நிறுவனத்தில் சுமார் 400 பேர் பணியாற்றினர். பொறியியலாளர், ஒப்பந்தக்காரர், செலவு மதிப்பிடுவோர் எல்லோரையும் ஒரே நேர அட்டவணைக்குள் கொண்டுவராமல் அவரது வளைந்த சுவர்கள் எழுந்திருக்குமா?

ஆராய்ச்சியிலும் இதே கதைதான். ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில், சுமார் 3000 விஞ்ஞானிகளைக் கொண்ட அட்லஸ் குழுவை வழிநடத்தியவர் பௌதிகவியலாளர் ஃபபியோலா ஜியனோட்டி. 2012 ஜூலை 4 ஆம் திகதி, ஹிக்ஸ் துகள் தேடலில் அக்குழு கண்ட முடிவை உலகுக்கு அறிவித்தவரும் அவரே. 2016 இல் சேர்னின் முதலாவது பெண் பணிப்பாளர் நாயகமானார்.

இத்தகைய முகாமையாளர் துறையை அறிந்தவராகவே இருக்க வேண்டும். "இது முடியாது" என்று ஒரு பொறியியலாளர் சொன்னால், அது உண்மையா சாட்டா என்று விளங்க வேண்டுமே! ஆகவே கணித, விஞ்ஞானப் பிரிவு மாணவியருக்கும் இது உரிய தொழில்தான்.

"ஆம்பிளைகள் நிறைஞ்ச இடத்துல நீ எப்படி வேலை வாங்குவாய்?" என்பது வாப்பாவின் கவலை. அதில் அன்பு இருக்கிறது. ஆனால் பொறுப்பெடுக்கப் பழகாத பிள்ளைக்கு எந்த இடமும் கஷ்டம்தான். பெற்றோரே, ஆசிரியர்களே, எமது மன்றங்களின் வரவுசெலவையும் கால அட்டவணையையும் எம்மிடமே தாருங்கள். நாம் பிழை விட்டால் இங்கேயே விட்டுத் திருந்திக்கொள்வோம்.

இந்த வருடக் கண்காட்சிக்குக் குழாய் வாங்கும் பொறுப்பு என்னுடையது. திகதியும் குறித்துவிட்டேன்.