கிகாஹெர்ட்ஸ் ஜுரம்

"எத்தனை கிகாஹெர்ட்ஸ்?"

2000-ம் ஆண்டு தொடங்கி ஐந்தாறு வருடங்களுக்கு, கம்ப்யூட்டர் வாங்கப் போனவர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். பல பேருக்குக் கடைசிக் கேள்வியும் இதுதான். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் அந்த எண், பெட்டியின் மேலும் அதே எண். எண் பெரிசு என்றால் வேகம் அதிகம். அவ்வளவுதான், பணத்தை எடு!

அந்த எண் மட்டும் வேகத்தைச் சொல்லாது என்பதுதான் வேடிக்கை.

ப்ராசசரின் கடிகாரம் நொடிக்கு எத்தனை நூறு கோடி தடவை துடிக்கிறது என்பதே கிகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது தனிக் கணக்கு. தாத்தா கையைப் பிடித்து நடக்கும் பேரன், தாத்தா ஒரு அடி வைப்பதற்குள் இரண்டு அடி வைக்கிறான். அதனால் தாத்தாவை முந்திவிட்டானா என்ன? இந்தச் சின்ன விஷயம் இன்டெல்லுக்கும் ஏஎம்டிக்கும் தெரியாதா? தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பந்தயம் சூடு பிடித்தது 2000 மார்ச்சில். 6-ம் தேதி ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. ஜூலை கடைசியில் இன்டெல் அவசர அவசரமாக 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ இறக்கியது. சோதித்துப் பார்த்த இணையதளங்கள் அது தடுமாறுவதைக் கண்டுபிடித்துப் போட்டு உடைத்தன. ஆகஸ்ட் முடிவதற்குள் இன்டெல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பந்தயத்தில் ஜெயிக்க, சரியாக ஓடாத சரக்கைக் கடைக்கு அனுப்பியது எந்த ஊர் நியாயம்?

அடுத்து வந்தது பென்டியம் 4. 2000 நவம்பரில் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸில் வெளியானது. பென்டியம் 3 ஒரு கட்டளையைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்துச் செய்தது. பென்டியம் 4 அதையே இருபது கட்டங்களாக நறுக்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் வேலை குறைவு என்பதால் கடிகாரத்தை வேகமாக ஓட்டலாம். ஆனால் அடுத்து எந்தக் கட்டளை வரும் என்ற ஊகம் தப்பினால், பாதி செய்த வேலையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை நீளமானால் நஷ்டமும் பெரிது. விளைவு? சில புரோகிராம்களில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-யே புதியவனை முந்தியது. போதாக்குறைக்கு, ஆரம்பத்தில் விலை அதிகமான ராம்பஸ் மெமரியையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இது வழக்காகவே போனது. பென்டியம் 4-ன் வேகச் சோதனைகளில் தில்லுமுல்லு என்பது குற்றச்சாட்டு. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, 2014-ல் இன்டெல் சமரசத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் வாங்கியவர்களுக்குத் தலைக்கு 15 டாலர். பதினாலு வருடம் கழித்து!

ஏஎம்டி உத்தமரா? அதுவும் இல்லை. 2001 அக்டோபரில் அத்லான் எக்ஸ்பி வந்தபோது 1.53 கிகாஹெர்ட்ஸ் சில்லுக்கு "1800+" என்று பெயர் வைத்தது. கிகாஹெர்ட்ஸ் ஏமாற்றுகிறது என்று சொன்னவர்கள், அதே மாதிரி தோன்றும் இன்னொரு எண்ணை ஒட்டினார்கள். 2011-ல் வந்த புல்டோசர் சில்லுகளை எட்டு கோர் என்று விற்றதற்காகவும் வழக்கு வந்தது. 2019-ல் 1.21 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

"போட்டி இருந்ததால்தானே விலை குறைந்தது?" என்று சிலர் கேட்கலாம். நிஜம்தான். ஏஎம்டி மட்டும் இல்லாவிட்டால் இன்டெல் வைத்ததே விலையாக இருந்திருக்கும். கேள்வி போட்டி வேண்டுமா என்பதல்ல, எதில் போட்டி என்பது. மார்க்கை மட்டும் பார்த்தால் மாணவன் மனப்பாடம்தான் செய்வான். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் கம்பெனி எண்ணைத்தான் தயாரிக்கும்.

கடைசியில் இயற்பியல்தான் பந்தயத்தை நிறுத்தியது. 2004-ல் வந்த ப்ரெஸ்காட்டில் கட்டங்கள் 31. அது 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியபோது 115 வாட் சூடு. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 அந்த அக்டோபரில் ரத்தானது. தலைமை நிர்வாகி கிரெய்க் பேரட் மேடையிலேயே, பாதி விளையாட்டாக, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ, வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸில், 65 வாட்டில், அந்த 3.8-ஐத் தோற்கடித்தது. அதன் வேர் எது தெரியுமா? 2003-லேயே மடிக்கணினிகளுக்காக இஸ்ரேலில் இன்டெல் பொறியாளர்கள் உருவாக்கிய பென்டியம் எம். சரியான பாதை சொந்த வீட்டிலேயே இருந்தது. பெட்டியின் மேல் போட எண்தான் சின்னது!

பாடம் கற்றார்களா? 2024 மார்ச்சில் 6.2 கிகாஹெர்ட்ஸ் என்று ஒரு கோர் ஐ9 வந்தது. அதே வருடம், 13, 14-ம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகள் மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைவதை ஒப்புக்கொண்டு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது. 1.13 ஞாபகம் வருகிறதா?

அடுத்த தடவை கடைக்காரர் ஒரு எண்ணைச் சொன்னால் தலையாட்டாதீர்கள். "நான் ஓட்டப்போகும் புரோகிராமில் இது எவ்வளவு வேகம்? எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால், பர்ஸை வெளியே எடுக்காதீர்கள்.