பழைய ஜீப்பிற்குப் புதிய எஞ்சின் வேண்டுமோ?

ஓராண்டாக என் தாய்மாமன் வீட்டில் ஒரு வழக்கு நடந்து வருகின்றது. கீழ்ப்பழநி மலைத் தோட்டங்களிலிருந்து மிளகு மூட்டைகளை அடிவாரத்திற்குக் கொணர்வதே அவர் பிழைப்பு. அதற்கு அவரிடமுள்ளது வில்லிஸ் வழிவந்த பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றே. அஃது இப்போது ஏற்றத்தில் மூச்சு வாங்குகின்றது. "கடன் பட்டாலும் சரி, மருமகனே, பெரிய டீசல் எஞ்சின் ஒன்றை மாட்டிவிடுவோம்" என்பது மாமாவின் கட்சி. வேண்டா என்பது என் கட்சி. இலக்கணம் படிக்கும் பையனுக்கு எஞ்சின் எப்படித் தெரியும் என்று அவர் நகைப்பதுண்டு. ஆயினும் விடுமுறைதோறும் அவ்வண்டியின் அடியிற் படுத்துக் கை கறுத்தவன் யான். ஆதலின் என் கருத்தைக் கூறத் துணிகின்றேன்.

உலகப் போரில் ஓடிய ஜீப்பின் எஞ்சின் 2.2 லிட்டர் அளவினது. 60 குதிரைச் சக்தி உடையது. 1953இல் வெளிவந்த சி.ஜே. 3பி என்னும் வண்டியில், உள்வாங்கும் வால்வை மட்டும் மேலே தலைக்கு ஏற்றி, அவ்வாற்றலை 75 ஆக்கினர். 'ஹரிக்கேன்', அதாவது சூறாவளி, என்று பெயரும் சூட்டினர். பெயருக்கேற்ற விரைவு அதனிடம் இல்லை. ஆயினும் மலை ஏறிற்று. எதனால்? முதற் கியர் ஏறக்குறைய 2.8 மடங்கும், டிரான்ஸ்ஃபர் பெட்டியின் தாழ்ந்த கியர் 2.4 மடங்கிற்குச் சற்று மேலும், ஆக்ஸிலிலுள்ள கிரௌன் பினியன் 5.38 மடங்கும் விசையைப் பெருக்குகின்றன. எஞ்சின் 36 முறைக்கு மேற் சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். மனிதன் விரைந்து நடக்கும் வேகந்தான். ஆனால் எதிர்ப்பட்ட பாறையையும் ஏறிக் கடக்கும். இவ்வண்டியின் வலிமை குதிரைகளின் தொகையில் இல்லை, பற்சக்கரங்களின் கணக்கில் உளது.

அக்கணக்கை மாமாவே கெடுத்துவிட்டார் என்பது என் குற்றச்சாட்டு. முன்பு இருந்த டயர் 28 அங்குல உயரம். அழகுக்காக அவர் மாட்டியது 31½ அங்குலம். சக்கரம் பெருத்தால் நிலத்தை இழுக்கும் விசை அவ்வளவிற்குச் சிறுக்கும். ஒன்பதில் ஒரு பங்கு போயிற்று. 5.38 என்னும் விகிதம் 4.78 போல் ஆயிற்று. இத்துடன் மலைக்காற்றின் மென்மையையும் கூட்டிப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் இத்தகைய எஞ்சின் தன் ஆற்றலில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை இழக்கும். சமவெளிக்கென்று திருத்திய கார்பரேட்டரோ அங்கே பெட்ரோலை மிகுதியாக ஊற்றும். கரும்புகை கண்டு, எஞ்சின் செத்தது என்று நாம் புலம்புகின்றோம்!

டீசல் எஞ்சினுக்கு விசை மிகுதி என்பதை மறுக்கவில்லை. நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடுபவருக்கும், உதிரிப் பொருள் கிடையாதவருக்கும் அது தக்கதாகலாம். ஆனால் அது மெதுவாகச் சுழல்வது, 5.38 உடன் சேர்த்தால் சாலையில் வண்டி ஊரும். அதனைப் போக்கக் கிரௌன் பினியனை மாற்றுவர். முன்பிருந்த பெருக்கம் அங்கே பறிபோகும். கூடிய விசையையும் எடையையும் பழைய கியர்பெட்டியும் ஆக்ஸிலும் முன் ஸ்பிரிங்கும் தாங்குமோ? இவை எல்லாம் பணத்தொடு போகும். எனக்கு அச்சம் தருவது இறக்கமே. மூட்டையேற்றிய வண்டியை நிறுத்த அங்கிருப்பவை 9 அங்குல டிரம் பிரேக்குகள். ஏறும் வலிமையை வாங்கப் பேரம் பேசுவோர் இறங்கும் வலிமையைப் பற்றிக் கேட்பதே இல்லை. மேலும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றத்திற்குப் பதிவு அதிகாரியின் அனுமதியைக் கோருகின்றது; அதனைப் பட்டறைக்காரர் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சென்ற விடுமுறையில் அமுக்கத்தை அளந்தோம். மூன்று சிலிண்டர்கள் ஒத்திருந்தன. நான்காவது மிகத் தாழ்ந்திருந்தது. தலையைக் கழற்றினால், வெளிவிடும் வால்வு ஒன்று விளிம்பு கருகிக் கிடந்தது. வால்வை மாற்றி, இடைவெளிகளைச் சரிசெய்து, பாயிண்டையும் தீப்பொறியின் நேரத்தையும் திருத்தி, பழைய அளவு டயரையே மாட்டினோம். முதற் கியரிலும் திணறிய கொண்டையூசி வளைவை வண்டி இரண்டாம் கியரில் ஏறிற்று. மாமா ஒன்றும் பேசவில்லை. டீசல் எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதை மட்டும் பொங்கலுக்கு அப்பால் தள்ளி வைத்திருக்கின்றார்.