டெஸ்ட் பாஸ்... புரோகிராம் ஃபெயில்!

இன்டர்னல் முடிஞ்சு, மினி புராஜெக்ட் ரெவ்யூவுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட அலைஞ்சிட்டு இருக்கீங்களா? ரெண்டு நிமிஷம் அதை ஓரமா வைங்க. பத்துக்குப் பத்து டெஸ்ட்டும் பச்சையா எரிஞ்ச என் புரோகிராம், கடலுக்குப் போற ஒருத்தர்கிட்ட பச்சையா பொய் சொன்ன கதை இது.

நமக்கு ஊர் கோட்டக்குப்பம். புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டினா எங்க ஏரியா. ஒரு பக்கம் ஈ.சி.ஆர்., இன்னொரு பக்கம் கடல். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையைக் கடந்துச்சே, அன்னிக்கு கரன்ட் போய் இருட்டுல உட்கார்ந்திருந்தப்ப உதிச்ச ஐடியாதான் எங்க புராஜெக்ட். ஐதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ், அதாவது இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம், அலை எவ்வளவு உயரம் எழும்பும், கள்ளக்கடல் வருமானு எச்சரிக்கை வெளியிடும். அதை நாலு வரித் தமிழ்ல எங்க சர்வர்ல ஏத்தி வைப்போம். டெலிகிராம்ல 'அலை'னு தட்டினா பதில் வரும். அவ்வளவுதான். சிம்பிள்னு நினைச்சோம்!

போன மாசம் ஒரு விடியக்காலை. ஃபைபர் போட் வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் போன் பண்ணார். "தம்பி, உன் மெசேஜ்ல எச்சரிக்கை ஒண்ணும் இல்லைங்குது. ஆனா ஆட்டோவுல மைக் கட்டி 'போகாதீங்க'னு சொல்லிட்டுப் போறாங்க. நான் எதை நம்பறது?"

மைக்கை நம்புங்கண்ணேனு சொல்லிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கை நடுங்குச்சுங்க. சர்வர்ல எச்சரிக்கை பத்திரமா இருக்கு. டெஸ்ட் ஓட்டினா எல்லாம் பாஸ். அப்புறம் எப்படி 'ஒண்ணும் இல்லை'?

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல். ஓடிடாதீங்க, பரோட்டா வாங்கித் தர்றேன். எங்க ஊர் ராத்திரிக் கடையில ஒரே ஒரு மாஸ்டர். அவர் ஒருத்தர் பரோட்டா வேகுற வரைக்கும் அதையே முறைச்சுப் பார்த்துட்டு நிக்க மாட்டார். அது வேகட்டும்னு விட்டுட்டு அடுத்த ஆளுக்கு மாவு வீசுவார், நடுவுல முட்டை உடைப்பார். இதுதான் அஸிங்க்ரனஸ். சுருக்கமா 'அசிங்க்'. (ஹாஸ்டல்ல சத்தமா சொல்லாதீங்க, எது அசிங்கம்னு வார்டன் வந்து நிப்பார்.) அந்த வேலையை எல்லாம் சுத்திச் சுத்தி ஓட்டுற மாஸ்டர்தான் ஈவென்ட் லூப். கேட்டுட்டு, கையில வர்ற வரைக்கும் கவுன்ட்டர்லயே நிக்கிறது சிங்க்ரனஸ்.

பைத்தான்ல நான் எழுதின எடுத்து வர்ற ஃபங்ஷன் அசிங்க். ஆனா என் டீம்மேட் முதல்லயே செஞ்சு வெச்சிருந்த டெஸ்க்டாப் ஸ்கிரீன் சிங்க். ரெண்டையும் சேர்க்க ஒரு ரேப்பர் போட்டேன். உள்ளே ஒரே வரி: அஸிங்க்ஐஓ.ரன். புதுசா ஒரு லூப்பைத் தொடங்கி, வேலையை முடிச்சு, லூப்பை மூடிட்டு பதிலைக் கையில குடுக்கும். செம ஈஸி. அதே ரேப்பரை டெலிகிராம் பாட்லயும் கூப்பிட்டேன். அங்கே விழுந்தது மண்ணு!

ஏன்னா அந்த பாட் லைப்ரரி, 2023-ல வந்த 20-ம் வெர்ஷன்ல இருந்து முழுக்க அசிங்க். அங்கே ஏற்கெனவே ஒரு லூப் ஓடிட்டு இருக்கு. ஓடுற லூப்புக்குள்ள அஸிங்க்ஐஓ.ரன் கூப்பிட்டா பைத்தான் ஒத்துக்காது, உடனே ரன்டைம் எரர். அதுவாவது கண்ணுல பட்டிருக்கும். ஆனா இந்த மேதாவி என்ன பண்ணியிருந்தேன்? நெட் இல்லைன்னா கிராஷ் ஆகக் கூடாதேனு ட்ரை-எக்செப்ட் போட்டு, எந்த எரர் வந்தாலும் காலி லிஸ்ட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தேன். காலி லிஸ்ட்டுக்கு பாட் காட்டுற மெசேஜ்: 'எச்சரிக்கை எதுவும் இல்லை.'

டெஸ்ட் ஏன் பிடிக்கலை? டெஸ்ட் ஓடுற இடத்துல எந்த லூப்பும் ஓடலை. காலியா இருக்கிற கடையில போய் 'ஒரு செட் பரோட்டா'னு கேட்டா உடனே கிடைக்காம என்ன? நாலு டெஸ்ட்ல இன்னும் மோசம். அஸிங்க்ஐஓ.ரன்னையே மாக் பண்ணி, நானே ஒரு பதிலைக் குடுத்து, அதே பதில் வருதானு நானே செக் பண்ணியிருந்தேன். நம்ம விடைத்தாளை நாமளே திருத்தின கணக்கு.

ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற ஐடியாவை நம்பாதீங்க பாஸ். புது லூப்தானே வேணாம், ஓடிட்டு இருக்கிற லூப்கிட்டயே வேலையைக் குடுத்துட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கலாமேனு மாத்தினேன். எரர் போச்சு. கூடவே பாட்டும் போச்சு, அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. யோசிச்சா சிரிப்பா வருது. பரோட்டா மாஸ்டரே டோக்கன் வாங்கிட்டு கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் வந்து நின்னுட்டார். அவர் பரோட்டா வந்தாத்தான் நகருவார். போட வேண்டியதும் அவரேதான்! இதுக்குப் பேர்தான் டெட்லாக்.

இது என் தனிச் சாதனையும் இல்லை. 2012-ல சி ஷார்ப் 5-ல அசிங்க், அவெய்ட் வந்தப்பவே டாட்நெட் ஆட்கள் இதே மாதிரி மாட்டினாங்க. விண்டோ த்ரெட்ல நின்னு டாஸ்க்கோட ரிசல்ட்டைக் கேட்டா, டாஸ்க் முடியறதுக்கு அதே த்ரெட் வேணும். மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் ஸ்டீபன் டவ்ப் அதே வருஷம் 'அசிங்க் ஃபங்ஷனுக்கு சிங்க் ரேப்பர் வெளியில குடுக்கணுமா?'னு தலைப்பு வெச்சே எழுதினார். பொதுவா வேண்டாம்ங்கிறதுதான் அவர் கட்சி. ஜாங்கோ கூட்டம் வேற வழி பிடிச்சாங்க. அவங்களோட 'அசிங்க்-டு-சிங்க்' ரேப்பரை, லூப் ஓடிட்டு இருக்கிற த்ரெட்லயே கூப்பிட்டா வாய்விட்டுத் திட்டும்: இங்கே முடியாது, நேரா அவெய்ட் பண்ணு. எனக்கு இதான் பிடிச்சது. முடியாதுனு சொல்றதும் ரேப்பரோட வேலைதான்னா, அதுக்கும் டெஸ்ட் வேணும்ல?

எழுதினேன். பைத்தான் 3.8-ல (2019) வந்த ஐசொலேட்டட்அஸிங்க்ஐஓடெஸ்ட்கேஸ் (என் ஹால் டிக்கெட் பேரை விட நீளம்!) டெஸ்ட்டையே ஒரு லூப்புக்குள்ள ஓட்டும். அதுக்குள்ள நின்னு ரேப்பரைக் கூப்பிட்டு, ரன்டைம் எரர் வரணும், காலி லிஸ்ட் வரக் கூடாதுனு செக் பண்ணேன். முதல் தடவை சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது நானாத்தான் இருப்பேன். இன்னொண்ணு, உள்ளே இருக்கிற அசிங்க் ஃபங்ஷன் வேணும்னே எரர் விடுற மாதிரி வெச்சு, அதே எரர் வெளியே வருதானு பார்க்கிறது. மாக் பண்றதா இருந்தா அந்த உள் ஃபங்ஷனை மட்டும் அசிங்க்மாக் வெச்சுப் பண்ணுங்க. பாலத்தை மாக் பண்ணிட்டா டெஸ்ட் பண்ண என்ன மிச்சம் இருக்கு?

பதிலே வராத சர்வருக்கும் ஒரு டெஸ்ட். யாருமே எழுப்பாத ஒரு ஈவென்ட்டுக்காகக் காத்திருக்கிற போலி ஃபங்ஷனைக் குடுத்து, ரேப்பர் குறிச்ச நேரத்துல டைம்அவுட் ஆகுதானு பார்க்கணும். நேரத்தை வெளியில இருந்து குடுக்கிற மாதிரி வெச்சா டெஸ்ட்டுக்கு அஞ்சு நொடி தூங்க வேண்டாம், 0.05 நொடி போதும். ஆனா ரேப்பர் தப்பா இருந்தா டெஸ்ட்டே தொங்கிடும். அதனால பைடெஸ்ட்-டைம்அவுட் மாதிரி ஒரு காவல் வெளியே கட்டாயம்.

சும்மா ஒப்புக்கு எழுதின ஒரு டெஸ்ட்தான் பெரிய மீனைப் பிடிச்சுது. ரேப்பரை அடுத்தடுத்து ரெண்டு தடவை கூப்பிடறது. முதல் தடவை ஓகே. ரெண்டாவது தடவை 'ஈவென்ட் லூப் மூடியாச்சு'! நெட் கனெக்‌ஷனுக்கான செஷனை மேலேயே ஒரு தடவை செஞ்சு வெச்சிருந்தேன். அது முதல் லூப்போட ஒட்டிக்கிச்சு. அஸிங்க்ஐஓ.ரன் ஒவ்வொரு தடவையும் லூப்பை மூடிட்டுப் புதுசு தொடங்கும். ஆக, டெஸ்க்டாப் ஸ்கிரீன்லயும் ரிஃப்ரெஷ் அமுக்கினா இதே பொய்தான் வந்திருக்கும். ரெவ்யூல மேடம் ஒரு தடவைதான் அமுக்கினாங்க. ஃபுல் மார்க்!

இப்போ பாட் நேரா அவெய்ட் பண்ணுது. ரேப்பர் டெஸ்க்டாப் ஸ்கிரீனுக்கு மட்டும். செஷனை ஃபங்ஷனுக்கு உள்ளேயே திறந்து மூடறேன். எரர் வந்தா மெசேஜும் வேற: 'தகவல் எடுக்க முடியலை. மீன்வளத்துறை அறிவிப்பைக் கேளுங்க.' டெஸ்ட் பத்துல இருந்து எட்டாக் குறைஞ்சிருக்கு.

அண்ணன்கிட்ட போய் ஒப்புக்கிட்டேன். திட்டலை. வலையைப் பிரிச்சுக்கிட்டே சொன்னார்: "கையில வலை இருக்கும்போது யார் தம்பி படிக்கிறது? குரல்ல சொல்ற மாதிரி பண்ணு." நேத்து ராத்திரி அதுக்கு ஒரு லைப்ரரி தேடிப் பிடிச்சேன். முதல் வரியிலேயே போட்டிருக்கான், அசிங்க்!