பயணத்தில் ஒரு வேளைச் சோறு



சென்ற இதழில் பிள்ளைகளின் விடுமுறைப் பயணங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரி ஒருவர், “பட்டணத்தில் எதையெதைப் பார்ப்பது என்று எழுதினீர்கள். குடும்பத்தோடு வந்த இடத்தில், கையிலுள்ள பணத்துக்குள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று எழுதவில்லையே!” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இதற்கு விடை கூறும் அனுபவம் எனக்கு ஒரு சங்கடத்தின் வழியாகவே வாய்த்தது.

நான் பிறந்தது காயல்பட்டினம். ஓதிக் கொடுத்துப் பிழைப்பது சென்னையின் தெற்கே கோவிலம்பாக்கத்தில். சென்ற ஆண்டு உம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றியிருந்ததால், லாத்தாவும் மச்சானும் தம் இரு பிள்ளைகளோடு உம்மாவை அழைத்துக்கொண்டு செந்தூர் விரைவு ரயிலில் தாம்பரத்தில் வந்து இறங்கினர். மறுநாள் காலை எல்லோருமாக எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குச் சென்றோம். 1819 ஆம் ஆண்டில் தோன்றிய அம்மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அங்கே எமக்கு யாதொரு குறையும் நேரவில்லை. மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று கட்டுச்சோறு எடுத்துச் செல்லாமல் விட்டதுதான் என் பிழை.

பரிசோதனைகள் முடிந்தபோது மணி ஒன்றரை. பிள்ளைகள் பசியால் சிணுங்கத் தொடங்கிவிட்டனர். அருகிலிருந்த சில கடைகளை எட்டிப் பார்த்தோம். ஒன்றில் ஆண்கள் நெருக்கியடித்து நின்றனர். மற்றொன்றில் மேசை காலியாக இருந்தும், பர்தா அணிந்த இருவரையும் குழந்தைகளையும் கண்ட பணியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது கடையின் வாயிலில் ‘ஏ.சி. ஃபேமிலி ரூம் மாடியில்’ என்று எழுதியிருந்தது. அப்பாடா என்று நுழைந்தோம்.

மாடி! பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். உம்மாவுக்கு எதிரே இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. குறுகிய படிக்கட்டு. மச்சான் முன்னும் நான் பின்னுமாக நின்று, எழுபது வயதை ஒவ்வொரு படியாக ஏற்றினோம். அமர்ந்த பிறகுதான் விலைப்பட்டியல் வந்தது. அமர்ந்துவிட்ட குடும்பத்தை எழுப்பிக்கொண்டு வெளியேறும் துணிவு எத்தனை ஆண்களுக்கு உண்டு? எனக்கு இல்லை.

“குஸ்கா இருக்கிறதா?” என்று கேட்டேன். “கீழே கிடைக்கும் சார், ஃபேமிலி ரூம்ல கிடையாது” என்றார்.

நான்கு பிரியாணி, கோழி வறுவல் ஒரு தட்டு, தண்ணீர்ப் புட்டி இரண்டு. உம்மா மட்டும், “எனக்குப் பசிக்கலை வாப்பா, தயிர்ச்சோறு போதும்” என்று முடித்துக்கொண்டார். உணவின் விலை 1,500 ரூபாய். அதன்மேல் சேவைக் கட்டணம் என்று 150. இரண்டுக்கும் சேர்த்து வரி. ஆக 1,733 ரூபாய்! ஒரு மதரஸா ஆசிரியனின் சம்பளத்தில் அது எத்தனை நாள் உழைப்பு என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பணம் போனதுகூடப் பெரிதன்று. வீடு திரும்பியதும் உம்மா அடுத்தடுத்து மூன்று குவளைத் தண்ணீர் அருந்தினார். லாத்தா மெல்லச் சொன்னார்: “உம்மா காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கலைடா. போற இடத்துல ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோன்னு பயம். நானும்தான் குடிக்கலை.”

நாம் உணவகம் தேடும்போது ருசியைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், ஹலாலா என்று பார்க்கிறோம். நம்முடன் வரும் பெண்கள் இவை யாவற்றுக்கும் முன்பாக வேறொன்றைப் பார்க்கிறார்கள். அதனை நம்மிடம் சொல்வதில்லை. கழிப்பிடம் இல்லையென்றால் பசியில்லை என்கிறார்கள். விலை கூடுதல் என்றாலும் பசியில்லை என்கிறார்கள். நாமும் நம்பிவிடுகிறோம்.

முன்பு நம்மவர் சென்னைக்கு வந்தால் எழும்பூரிலோ சென்ட்ரலிலோ பாரிமுனைப் பேருந்து நிலையத்திலோ இறங்குவார்கள். சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் கட்டிய சத்திரமும், முஸ்லிம் பயணிகளுக்கென்றே அமைந்த சித்தீக் சராயும் இருந்தது தற்செயல் அன்று. பயணி இறங்குமிடத்தில்தானே சத்திரம் வேண்டும்! மண்ணடி, பெரியமேடு, திருவல்லிக்கேணி எங்கும் நம்மவர் உணவகங்கள் நடைதூரத்தில் கிடைத்தன. அண்ணாசாலையில் 1951 இல் தொடங்கிய புகாரி உணவகத்தை அறியாதார் யார்? அக்கால உணவகங்கள் பலவற்றில் மரத்தடுப்பும் திரைச்சீலையுமாகக் குடும்ப அறைகள் இருந்தன. குளிர்சாதனம் கிடையாது, மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடும்.

பின்னர் வெளியூர்ப் பேருந்துகள் 2002 இல் கோயம்பேட்டுக்குச் சென்றன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களிலிருந்து வருவோர் இப்போது அங்கே இறங்குகிறார்கள். ரயிலில் வருவோரிலும் பலர் தாம்பரத்திலேயே இறங்கிவிடுகின்றனர். பயணி தெற்கே வந்துவிட்டார். திரைச்சீலை அறைகள் அவரோடு வரவில்லை. எங்கள் கோவிலம்பாக்கத்தின் வழியே செல்லும் பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலையையே பாருங்கள். பிரியாணிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் தனி இளைஞர்களை நம்பி நடக்கும் கடைகள் அவை. இரண்டு மேசை, பெரிய பார்சல் கவுண்டர், வாயிலில் உணவுப் பொதிக்காகக் காத்திருக்கும் இருசக்கர வாகனங்கள். கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்கு அங்கே இடம் எது?

இனி, அச்சகோதரி கேட்டதற்கு வருகிறேன்.

முதலாவது, ‘ஃபேமிலி’ என்ற பலகையைக் கண்டு மயங்காதீர்கள். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, குளிர்சாதன உணவகத்துக்கு 18 விழுக்காடும் சாதாரண உணவகத்துக்கு 12 விழுக்காடும் வரி இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 விழுக்காடு என்றாகிவிட்டது. ஆகவே மாடி அறையில் விலை கூடுவதற்கு வரி காரணமன்று. கடைக்காரர் வைத்த விலைதான் காரணம். அமரும் முன்பே விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணிக்கடையில் விலை கேட்காமலா சேலை எடுக்கிறோம்?

சேவைக் கட்டணத்தைப் பற்றி நான் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். உணவகங்கள் தாமாக அதனைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் அந்நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, “இதனை நீக்கிவிடுங்கள்” என்று பணிவாகச் சொன்னால் போதும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அன்று நான் அறிந்திருந்தால் 150 ரூபாயும் அதன் மேலான வரியும் மிஞ்சியிருக்கும்.

ஹலால் பற்றிய ஐயம் தோன்றும் இடத்தில், வாதம் செய்துகொண்டு நிற்பதைவிடச் சைவ உணவகத்தில் நுழைந்துவிடுவது மேல். திருவல்லிக்கேணியில் 1948 முதல் நடக்கும் ரத்னா கஃபேயில் இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துக் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்து முஸ்லிம் வீடுகளுக்கெல்லாம் பழக்கமான ருசி அது. பட்டணத்துக்கு வந்தால் பிரியாணிதான் உண்ண வேண்டும் என்று ஷரீஅத்தில் எங்கும் சொல்லப்படவில்லை! சைவக் கடைகளில் முழுச் சாப்பாடு, அளவுச் சாப்பாடு என இருவகை உண்டு. முழுச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ள விடமாட்டார்கள். குழந்தைகளோடு செல்வோருக்கு அளவுச் சாப்பாடே சிக்கனம்.

மிகக் குறைந்த செலவில் பசியாற வேண்டுவோருக்கு 2013 இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்கள் உள்ளன. இட்லி ஒரு ரூபாய், தயிர்ச்சாதம் மூன்று ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று விலை வைத்துத் தொடங்கினார்கள். சமைப்பவரும் பரிமாறுபவரும் பெண்கள் என்பதால் நம் பெண்கள் தயங்காமல் போய் வாங்கலாம். ஆனால் பெரும்பாலும் நின்றுகொண்டே உண்ண வேண்டியிருக்கும்; முதியோருக்குச் சிரமம். ரயில் நிலையங்கள் பலவற்றில் பொதுப்பெட்டிகள் நிற்குமிடத்துக்கு அருகே, 2023 முதல் 20 ரூபாய்க்குப் பூரியும் உருளைக்கிழங்கும் விற்கிறார்கள். வண்டி ஏறும் முன் பிள்ளைகளுக்கு அது போதும்.

நம்முடைய உணவகங்களில் ஒரு நல்ல வழக்கம் குஸ்கா. அதே அண்டாவின் சோறுதான். இறைச்சித் துண்டு இராது, விலை வெகுவாகக் குறையும். ஐவர் சென்றால் மூன்று பிரியாணியும் இரண்டு குஸ்காவும் வாங்கி, கறியைப் பகிர்ந்துகொள்வது நடுத்தரக் குடும்பத்துத் தந்தையர் அறிந்த கணக்கு. ஆனால் அந்தக் குஸ்கா எப்போதும் யார் பக்கம் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? “எனக்கு எலும்பு கடிக்க முடியாது” என்று சொல்லிக்கொண்டே தாய்மார் அதனைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். என் உம்மா ஊரில் களரிச் சாப்பாட்டில் எலும்பைக் கடிப்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

அறுவை முடிந்து மறுபரிசோதனைக்குச் சென்றபோது முன்யோசனையுடன் போனோம். கூட்டம் சேருமுன், பன்னிரண்டு மணிக்கே, சந்து ஒன்றிலிருந்த சிறு கடைக்குச் சென்றேன். குடும்பத்தை வெளியே நிழலில் நிறுத்திவிட்டு நான் மட்டும் நுழைந்து மூன்று கேள்விகள் கேட்டேன். பெண்களுக்குக் கழிப்பிடம் உண்டா? கீழ்த்தளத்தில் ஓரமாக மேசை கிடைக்குமா? குஸ்கா என்ன விலை? ஆம்பூர்க்காரரான கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “முதல் கேள்வியை யாருமே கேக்க மாட்டாங்க பாய்” என்றார்.

மூன்று பிரியாணி, இரண்டு குஸ்கா, 660 ரூபாய். சீரகச் சம்பாச் சோறும், கத்தரிக்காய்த் தொக்கும், தயிர்ப் பச்சடியும் வந்தன. லாத்தா தட்டுகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்துப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் போடுவதைக் கண்ட கடைக்காரர், பெரிய தாம்பாளம் ஒன்றைக் கழுவிக் கொணர்ந்து வைத்தார். ஊரில் சஹனைச் சுற்றி உட்காருவதுபோல் உம்மா, லாத்தா, பிள்ளைகள் நால்வரும் அதில் உண்டனர். கறித்துண்டு எவர் பங்கு என்ற கணக்கே எழவில்லை. உம்மா இரண்டு குவளைத் தண்ணீர் குடித்தார்.

அவர்கள் ஊர் திரும்பிய பின் நான் மதரஸாவில் இதனைச் சொன்னேன். எங்கள் சாலையை ஒட்டிப் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமுள்ள மருத்துவமனைகளுக்கு வெளியூர்க் குடும்பங்கள் நாள்தோறும் வருகின்றன. உணவுப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்து உண்பவர்களை நாங்கள் அன்றாடம் கடந்து போகிறோம். எங்கள் மதரஸாவிலோ பிள்ளைகள் ஓதுவது காலையும் மாலையும்தான். பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் பக்க அறையில் மின்விசிறியும் ஒளூச் செய்யக் குழாயும் கழிப்பிடமும் இருக்கின்றன. பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை அதனைப் பயணக் குடும்பங்களுக்குத் திறந்துவிடலாமே என்றேன். நிர்வாகத்தில் இருவர் தயங்கினர். “எச்சில் இலையை யார் எடுப்பது?” என்றார் ஒருவர். நியாயமான கவலைதான். மூடியோடு கூடிய இரண்டு குப்பைத் தொட்டிகளால் அது தீர்ந்தது.

பாய் நான்கு, தண்ணீர்ப் பானை ஒன்று, அவ்வளவே ஏற்பாடு. முதல் வாரம் எவரும் வரவில்லை. பிறகு இராமநாதபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கெட் பிரியாணியோடு வந்தது. அந்தப் பெண் சோற்றைப் பிரிப்பதற்கு முன் கழிப்பிடத்தின் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இப்போது முஸ்லிமல்லாத குடும்பங்களும் வருகின்றன. சென்ற மாதம் சைவச் சாப்பாட்டுப் பொதியோடு வந்த முதியவர் ஒருவர், உண்டு முடித்துத் தாமே அறையைக் கூட்டிவிட்டுச் சென்றார்.

தொலைபேசியில் இவற்றையெல்லாம் சொன்னபோது உம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “அந்த அறைக்குப் படி இருக்கா வாப்பா?”

ஒரே ஒரு படி இருக்கிறது. அதற்கும் சரிவு கட்டித்தரக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம்.