35 நிமிடத்தில் ஒரு பதில்

‘ஏலியன்’ படத்தின் இசை 1979-ல் ஒரே தட்டாக வந்தது. 2007-ல் முழுமையாக வந்தது. இரண்டில் எது அசல்?

சினிமா இசை ஆல்பங்களைச் சேகரிப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. நிமிடங்கள் கூடினால் மதிப்பும் கூடும் என்பதே அது. அரை மணி நேர இசைத்தட்டு ஒன்று இருபது முப்பது ஆண்டுகள் கழித்து இரண்டு சி.டி.க்களாக, ‘விரிவான பதிப்பு’ என்ற பட்டத்துடன் வந்துவிட்டால் பழையது பரணுக்குப் போய்விடும். புதியதில்தான் எல்லாமே இருக்கிறதே, பழையது எதற்கு?

நியாயமான கேள்விதான். ஆனால் ‘ஏலியன்’ படத்தின் இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை என்று புரியும்.

ரிட்லி ஸ்காட் இயக்கிய இந்த விண்வெளித் திகில் படம் 1979-ல் வெளியானது. இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். ‘தி ஓமன்’ (1976) படத்துக்கு ஆஸ்கார் வாங்கியிருந்தவர். லண்டனில் நேஷனல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, லயனல் நியூமன் நடத்த, பதிவு நடந்தது. வழக்கமான வயலின், டிரம்பெட்டோடு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ, பாம்பு போல் வளைந்த செர்பன்ட் என்ற பழைய ஐரோப்பிய ஊதுகருவி, நமக்கு நன்கு பழக்கமான சங்கு எல்லாம் வாத்தியக் குழுவில் சேர்ந்தன. புல்லாங்குழலின் ஒலி எதிரொலிக் கருவி வழியாகத் திரும்பத் திரும்பக் கேட்டு மறைந்தது. மொத்தத்தில், தயாரிப்பாளர்கள் கேட்டதற்கு மேலேயே கொடுத்திருந்தார் கோல்ட்ஸ்மித்.

சிக்கல் டைட்டிலிலேயே ஆரம்பித்தது. விண்வெளியின் பிரமாண்டத்தையும் தனிமையையும் அழகாகக் காட்டி, கேட்பவரை அமைதியாக உட்காரவைத்து, பிறகு மெல்லப் பயமுறுத்தலாம் என்பது கோல்ட்ஸ்மித்தின் திட்டம். டிரம்பெட்டில் மிதந்து வரும் ஒரு மெட்டை அதற்காக எழுதினார். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. முதல் நொடியிலிருந்தே பயம் வேண்டும் என்றார். கோல்ட்ஸ்மித் மெட்டே இல்லாத, விநோத ஓசைகள் நிறைந்த இன்னொன்றை எழுதித் தந்தார். முதலாவதற்கு ஒரு நாள் ஆயிற்று, இரண்டாவதற்கு ஐந்து நிமிடம்தான் என்று பின்னாளில் சற்றுக் கசப்போடு சொன்னார். படத்தில் இருப்பது அந்த ஐந்து நிமிட வேலை.

அதோடு முடியவில்லை. படத்தொகுப்பு நடக்கும்போது, இசை தயாராகும்வரை வேறு ஏதாவது பழைய இசையைக் காட்சிகளில் ஒட்டிவைத்துக்கொள்வது ஹாலிவுட் வழக்கம். படத்தொகுப்பாளர் டெர்ரி ராலிங்ஸ் ஒட்டிவைத்தவற்றில் கோல்ட்ஸ்மித்தே ‘ஃப்ராய்ட்’ (1962) படத்துக்கு எழுதிய இசையும் இருந்தது. பல மாதங்கள் கேட்டுப் பழகிய காதுக்கு அதுவே பொருத்தமாகத் தோன்றிவிட்டது. புதிதாக எழுதியதை ஒதுக்கிவிட்டுச் சில காட்சிகளில் பழையதையே உரிமை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இறுதி டைட்டிலிலும் கோல்ட்ஸ்மித்தின் இசை இல்லை. அங்கே ஒலிப்பது ஹாவர்ட் ஹான்ஸன் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1930-ல் எழுதிய இரண்டாவது சிம்பொனி. தன் படத்தில் தன்னுடைய 17 வருடத்துப் பழைய இசையும் அடுத்தவர் சிம்பொனியும் தனக்குப் போட்டியாக ஒலிப்பதை ஒரு இசையமைப்பாளர் எப்படி ஏற்றுக்கொள்வார்?

படத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தட்டில் முடிந்தது.

1979-ல் வந்த எல்.பி. ஏறத்தாழ 35 நிமிடம். பத்தே பகுதிகள். முதலில் ஒலிப்பது இயக்குநர் நிராகரித்த அதே டிரம்பெட் டைட்டில். கடைசியில் ஒலிப்பது, ஹான்ஸனுக்காகத் தள்ளிவைக்கப்பட்ட கோல்ட்ஸ்மித்தின் சொந்த இறுதி இசை. நடுவில் உள்ளவை கதையின் வரிசையில் இல்லை. முகத்தில் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் ஜந்துவின் இசை இரண்டாவதாக வந்துவிடுகிறது; கப்பல் அந்தக் கிரகத்தில் இறங்குவதோ ஐந்தாவதாகத்தான். படம் பார்த்துவிட்டு ஞாபகத்துக்காகத் தட்டு வாங்கியவர்கள் குழம்பியிருப்பார்கள். ஆனால் தனி இசையாகக் கேட்டால் அந்த வரிசையில் கணக்கு இருக்கிறது. அமைதி, அதிர்ச்சி, மீண்டும் விரிவு, மீண்டும் நெருக்கடி, முடிவில் விடுதலை. படம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட வடிவத்தைத் தட்டில் அவர் திரும்ப எடுத்துக்கொண்டார்.

2007-ல் அமெரிக்காவின் இன்ட்ராடா நிறுவனம் இரண்டு சி.டி. தொகுப்பை வெளியிட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2004-ல், கோல்ட்ஸ்மித் இறந்துவிட்டார். இந்தத் தொகுப்பில் அவர் முதலில் எழுதிய முழு இசையும் காட்சி வரிசைப்படி இருக்கிறது. இயக்குநருக்காக மாற்றி எழுதியவை தனியாக இருக்கின்றன. டைட்டில் மட்டுமல்ல, கப்பல் ஊழியர்கள் நீண்ட உறக்கத்திலிருந்து விழிக்கும் காட்சி உள்பட வேறு பலவற்றுக்கும் அவர் இரண்டு முறை எழுதியது இதில் காதால் கேட்டுத் தெரிகிறது. கூடவே 1979 ஆல்பமும் அப்படியே சேர்க்கப்பட்டிருக்கிறது.

இந்தத் தொகுப்பு ஒரு வழக்கின் கட்டு மாதிரி. யார் என்ன கேட்டார், யார் எதைக் கொடுத்தார், எது ஒதுக்கப்பட்டது என்று எல்லா சாட்சியமும் இருக்கிறது. ஒரே காட்சிக்கான இரண்டு இசையையும் கேட்டு, இயக்குநர் சொன்னதிலும் நியாயம் இருந்ததா என்று நீங்களே தீர்ப்பு சொல்லலாம். என் தீர்ப்பு: சில இடங்களில் இருந்தது. ஆனால் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்பது வேறு அனுபவம். காட்சி முடிந்தால் இசையும் சட்டென்று நின்றுவிடுகிறது. ஒரே உத்தி சிறிய மாற்றங்களோடு திரும்பி வருகிறது. அது காட்சியின் தேவை, காதின் தேவை அல்ல. மறுபடி கேட்க வேண்டும் என்று தோன்றும் இரவில் என் கை போவது 35 நிமிடத்துக்குத்தான்.

எல்லாச் சின்ன ஆல்பமும் இப்படி யோசித்துச் செய்யப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். பிறகு சி.டி. வந்து இடம் பெருகியும், அமெரிக்காவில் பதிவான இசையை ஆல்பமாக்க வாத்தியக் கலைஞர்களின் சங்கத்துக்குத் தர வேண்டிய மறு உபயோகத் தொகைக்குப் பயந்து பல ஆல்பங்கள் அரை மணி நேரத்திலேயே நின்றன. அங்கே குறைந்தது ரசனையால் அல்ல, செலவால். அப்படிப்பட்டவற்றுக்கு விரிவான பதிப்பு வருவது நியாயம் கிடைப்பது மாதிரி.

நேர்மாறான உதாரணமும் உண்டு. ‘ஈ.டி.’ (1982) படத்தின் இறுதிக் காட்சிக்கு ஜான் வில்லியம்ஸின் இசை படத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. படத்தைப் பார்க்காமல் கச்சேரி மாதிரி நடத்தச் சொன்ன ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், பிறகு இசைக்கு ஏற்றபடி காட்சியை வெட்டினார். இயக்குநரே விட்டுக்கொடுத்த படம். ஆனாலும் 1982 ஆல்பத்துக்காக வில்லியம்ஸ், கேட்பதற்கென்றே சில பகுதிகளை வேறு விதமாக அமைத்தார். 1996-ல் வந்த விரிவான பதிப்பு படத்தில் ஒலித்ததைத் தந்தது. 2017-ல் லா-லா லேண்ட் நிறுவனம் படத்தின் இசையை ஒரு தட்டிலும் பழைய ஆல்பத்தை இன்னொன்றிலும் வைத்தது. அதுதான் முறை.

நம் ஊரில் இந்தச் சண்டைக்கே வழியில்லை. இங்கே சினிமா ஆல்பம் என்றால் பாட்டுகள். ரீ-ரெக்கார்டிங் என்று நாம் சொல்லும் பின்னணி இசை தனியாக வெளிவருவது அபூர்வம். வசனத்துக்கும் மழைச் சத்தத்துக்கும் அடியில் அது புதைந்து கிடக்கிறது. சின்னதா பெரியதா என்று வாதாட முதலில் ஒன்றாவது வேண்டும்.

அந்த ஒன்று வரும்போது, அதை எழுதியவர் இருக்கும்போதே வர வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது, எதில் ஆரம்பிப்பது என்று அவரைக் கேட்க வேண்டும். மீதியைப் பின்னால் வருகிறவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய 35 நிமிடத்தை அவரைத் தவிர யாரும் செய்ய முடியாது.