கணக்கெடுக்காத சமுதாயம் எதை வைத்துக் கேட்கும்?



நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்று முழங்காத சமுதாய மேடை இல்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் முஸ்லிம் இளைஞர்கள் எத்தனை பேர்? அவர்களில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தக்காரரின் கீழ் இருப்பவர் எத்தனை பேர்? எத்தனை பேருக்கு வருங்கால வைப்பு நிதி முறையாகச் செலுத்தப்படுகிறது? பழவேற்காட்டில் பனையோலை முடைந்து குடும்பத்தைத் தாங்கும் நம் சகோதரிகளின் ஒரு நாள் கூலி என்ன? இவற்றுக்கு மேடையில் இருப்பவரிடமும் விடை இல்லை. ஜமாஅத் அலுவலகப் பதிவேட்டிலும் விடை இல்லை. விவரம் தெரியாமல் எழுப்பப்படும் கோரிக்கை, கேட்பவர் காதில் புலம்பலாகவே விழும்.

நம் கையில் உள்ள சான்று பெரும்பாலும் ஒன்றுதான். 2005இல் அமைக்கப்பட்டு 2006இல் அறிக்கை அளித்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு. உழைக்கும் முஸ்லிம்களில் சுமார் 61 விழுக்காட்டினர் சுயதொழிலைச் சார்ந்திருப்பதாகவும், இந்துக்களில் அது சுமார் 55 விழுக்காடு என்றும் அக்குழு கணித்தது. அது நாடு முழுமைக்குமான கணக்கு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு. அன்று பிறந்த குழந்தை இன்று தொழிற்சாலை வாயிலில் நிற்கிறது. நாமோ இன்னமும் அதே பக்கத்தையே வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

அரசுதான் கணக்கெடுக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2017 முதல் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஆனால் அதன் அளவுகோலைக் கவனியுங்கள். நடப்பு வார முறைப்படி, ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் இருப்பவரே. குடும்பக் கடையில் ஊதியமின்றி உதவும் மகனும் சுயதொழில் செய்பவராகவே எண்ணப்படுவார். இந்த வரையறைகளைப் பிழை என்று நான் கூறவில்லை. உலக அளவிலான ஒப்பீட்டுக்கு அவை பயன்படுகின்றன. ஆயினும், மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று ஒரு வட்டத்தின், ஒரு மஹல்லாவின் நிலையைக் காட்ட இயலாது. அதற்குத் தனி ஆய்வு வேண்டும். ஆய்வுக்குப் பணம் வேண்டும்.

அந்தப் பணம் எங்கே இருக்கிறது? 1969இல் நிறுவப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுமம் சிறிய, பெரிய ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி வழங்குகிறது. தொழிலாளர் ஆய்வுக்கென்றே நொய்டாவில் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. சென்னையில் 1971 முதல் இயங்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் வழிகாட்டக்கூடிய அறிஞர்கள் இருக்கிறார்கள். நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளில் பொருளியல், வணிகவியல் துறைகள் இருக்கின்றன. கேள்வியும் காத்திருக்கிறது. 29 சட்டங்களை உள்ளடக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழிலாளர் அனைவருக்கும் பணி நியமனக் கடிதம் தரப்பட வேண்டும் என்கின்றன அவை. கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகளில் ஒப்பந்தத் தொழிலாளி எவர் கையில் அந்தக் கடிதம் இருக்கிறது? இந்த ஒரு வினாவே ஒரு நல்ல ஆய்வு முன்மொழிவுக்குப் போதும்.

இதில் ஆலிமுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றோரின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்கள் எழுதப்பட்டார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. வஹீ இறங்கிய சமுதாயமே தன்னை எண்ணிப் பார்த்தது. உமர் (ரலி) அவர்கள் தீவான் பதிவேட்டை ஏற்படுத்தியதும் உரியவருக்கு உரியது சேர வேண்டும் என்பதற்காகவே. எண்ணுவது தீனுக்கு அந்நியமன்று.

அரசுப் பணத்தை நம்ப முடியாது என்பது இரண்டாவது வாதம். மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அது அநீதி என்றே நானும் கருதுகிறேன். ஆனால் ஒரு கதவு அடைபட்டதற்காகத் திறந்திருக்கும் கதவுகளையும் தட்டாமல் இருப்பது என்ன நியாயம்? அந்த நிதி நம் வரிப்பணமும்தான். நாம் விண்ணப்பிக்காவிட்டால் அது மிச்சமாகிவிடாது. வேறொருவரின் வேறொரு கேள்விக்குச் செல்லும்.

பசித்தவன் இருக்க ஆய்வு எதற்கு என்பது மூன்றாவது வாதம். ஜகாத்தைத் தொடும்படி நான் கேட்கவில்லை. அதற்குரிய எட்டு வகையினரை அல்லாஹ்வே வரையறுத்துவிட்டான். எனினும், அந்த எட்டில் ஒரு பங்கை ஜகாத்தைத் திரட்டி நிர்வகிப்போருக்கும் அவன் வைத்திருப்பதைச் சிந்தியுங்கள். கொடுப்பதற்கு முன் அறிவதும் ஒழுங்கு செய்வதும் செலவுள்ள பணிகள் என்பது அதிலிருந்து விளங்கவில்லையா? விளம்பரப் பதாகைக்கும் மாநாட்டுப் பந்தலுக்கும் செலவிடும் ஸதகா பணத்தில் சிறு பங்கு, ஓர் ஆய்வு மாணவியின் களப்பயணச் செலவுக்குப் போதுமானது.

நிதி கிடைப்பது பாதி வேலை. அதைப் பேணுவதே பெரிய அமானிதம். ஆய்வு நிதி தவணைகளாக வரும். முன்னேற்ற அறிக்கையும் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் தராதவருக்கு அடுத்த தவணை வராது. களப்பணிக்கு ஒதுக்கியதை மனம்போல வேறு இனத்துக்கு மாற்ற இயலாது. நிதி வங்கியில் இருந்த காலத்து வட்டியையும் அரசிடமே திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது மத்திய அரசின் பொது நிதி விதி; வட்டிக்கு அஞ்சித் தயங்குவோருக்கு இது ஆறுதல். கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம். ஜகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பு என்று பிரித்தபோது, மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். பேராசிரியரோ பரிந்துரைத்த ஜமாஅத்தோ ஆய்வுப் பணத்தில் ஒரு ரூபாயைத் தமதாக்கினால், அந்தக் கண்டனம் அவர்களுக்கும் உரியதே.

நம்மில் சிலர் ஆய்வை அஞ்சுவதற்கு உண்மைக் காரணம் வேறொன்றும் உண்டு. கணக்கெடுத்தால் நம் குறையும் வெளிவரும். வியர்வை உலருமுன் கூலி கொடுக்க ஏவிய நபியின் உம்மத்தில், கூலியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் முதலாளியும் இருக்கலாம். படித்த மகளை வேலைக்கு அனுப்ப மறுத்த தந்தையும் இருக்கலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு ஜும்ஆவில் நிற்கும் தொழிலாளியின் பெயரைக்கூட நாம் கேட்டதில்லை என்பதும் வெளிவரும். வெளிவரட்டும். நோயை மறைத்தவன் மருந்தைப் பெறமாட்டான்.

திருவள்ளூர் மாவட்ட ஜமாஅத்துகள் செய்யத்தக்கது அரிதானதன்று. குடும்பப் பதிவேட்டில் தொழில், ஒப்பந்தமா நிரந்தரமா, ஊதியம் ஆகிய மூன்று பத்திகளைச் சேருங்கள். தனிமனிதர் விவரம் வெளியே போகாமல் காப்போம் என்று உறுதி கொடுத்து, விரும்புவோரிடம் மட்டும் கேளுங்கள். நம் கல்லூரிகளின் நிர்வாகங்கள் ஆண்டுக்கு ஓர் ஆய்வு முன்மொழிவையாவது அனுப்பட்டும். பெற்றோரே, பொருளியலும் புள்ளியியலும் படிக்க விரும்பும் பிள்ளையை, அதனால் என்ன பயன் என்று கேட்டுத் தடுக்காதீர்கள். பஞ்சத்திலிருந்து ஒரு நாட்டைக் காத்த யூசுஃப் (அலை) அவர்கள், தாம் பேணிக் காப்பவர், அறிந்தவர் என்று சொல்லியே களஞ்சியப் பொறுப்பைக் கேட்டார்கள். நாமும் அறிந்தவர்களாய்க் கேட்போம்.

அல்லாஹ் நம் உழைப்பாளிகளின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.